மூச்சு இருபது

ஏழாம் நம்பர் கட்டிலில் கிடந்தவரின் மணிக்கட்டைப் பிடித்தபடி பேச்சித்தாய் நின்றாள். நாடி எண்ணி முடித்தாயிற்று, நூற்றி நாலு, ஆனாலும் விரலை எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது என்பது பாடம். மூச்சை எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது, தெரிந்துவிட்டால் அவர் விடுவது தன்னுடைய மூச்சாக இருக்காது, நமக்குக் காட்டுவதற்கென்று விடுகிற மூச்சாகிவிடும், அதனால் நாடி பார்க்கிற பாவனையில் கையைப் பிடித்துக்கொண்டே கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோங்கள், முழுசாக ஒரு நிமிஷம், அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிற சோம்பல் என் வகுப்பில் ஆகாது என்று சமுதாயக் கல்லூரியில் அமலா மிஸ் முதல் மாதமே சொல்லியிருந்தார். போர்வை ஏறி இறங்கினால் ஒன்று. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் துடித்துத் துடித்து நகர்ந்தது. போர்வை ஏறியது, இறங்கியது, ஒன்பது, ஏறியது, இறங்கியது, பத்து, அதற்குள் பத்தா, முள் இன்னும் நாலைத் தொடவில்லையே, இந்த ஆளுக்கு எதற்கு இவ்வளவு அவசரம், படுத்த இடத்திலிருந்து எங்கே ஓடப்போகிறார், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் ஊர்ப் பெண்களையெல்லாம் ஓடவைத்தவர்தானே, பதினொன்று, பன்னிரண்டு. மின்விசிறி தலைக்கு மேல் கரகரவென்று சுற்றியது. கோட்டுக்குள் முதுகு வேர்த்து ஒழுகியது. கக்கத்தில் இடுக்கியிருந்த ரெக்கார்டு நோட்டு நழுவப் பார்த்தது. அவள் அதை முழங்கையால் அழுத்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்தாள், பதிமூன்று, பதினான்கு. எண்ணிக்கை மட்டும் அவளுக்கு என்றைக்கும் நழுவாது. தலை ஆயிரம் யோசனை பண்ணினாலும் அது பாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், இருபத்தைந்து வருஷம் பீடி சுற்றிய உடம்பு அது. முள் பன்னிரண்டுக்கு வந்தது. முப்பத்திரண்டு.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் எண்ணியபோது முப்பது. அதைத்தான் வார்டு முகப்பில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ரெஜினா சிஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். தனியார் ஆஸ்பத்திரி, நாற்பது கட்டில் உள்ள கீழ்த்தள வார்டுக்கு ரெஜினாதான் பொறுப்பு. ரெஜினா நோட்டைப் பார்த்தாள், சார்ட்டைப் பார்த்தாள், பிறகு பேச்சித்தாயைப் பார்த்தாள், அல்லது பேச்சித்தாய் நின்ற இடத்துக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். "ஏ காலேஜு, இது என்ன முப்பது? ஓட்டப் பந்தயத்துல ஓடிட்டா வந்து படுத்திருக்காரு?" காலேஜு என்பது பெயர். ஆறு பேர் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள், ஆறு பேருக்கும் அதுதான் பெயர். சிஸ்டர் என்று நோயாளி யாராவது தெரியாமல் கூப்பிட்டுவிட்டால் கூட ரெஜினா அங்கிருந்தே திருத்துவாள், அது சிஸ்டர் இல்ல, படிக்க வந்த பிள்ள. முப்பத்தாறு வயசில் பிள்ள. "எண்ணுனேன் சிஸ்டர், முழு நிமிசம்." "எண்ணுனியா. பெரிய ஆளு. மூச்சு முப்பதுன்னா அவரு மேல ஐசியூல இருக்கணும். காலையில மூணு இட்லி தின்னாரு. குடலிறக்கத்துக்கு ஆபரேசன் பண்ணி மூணு நாளாச்சு, நாளைக்கு வீட்டுக்குப் போறாரு. சார்ட்டுல மேல பாரு, மூச்சுக் கட்டத்துல என்ன போட்டிருக்கு?" பார்த்தாள். இருபது, இருபது, இருபது, இருபது, இருபது, இருபது. மூன்று நாளும் ஒரே எண், ஒரே மாதிரி வளைந்த இரண்டு, ஒரே மாதிரி மூடாத சைபர். ஆறாம் கட்டிலுக்கும் இருபது, எட்டாம் கட்டிலில் கால் உடைந்து கிடக்கிற பையனுக்கும் இருபது, இந்த வார்டில் படுத்த எவனும் இருபதுக்குக் கூடவோ குறையவோ மூச்சு விட்டதில்லை. "போய் மாத்தி எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுதேன். நாலு மணிக்கு நான் கெளம்பிருவேன், பொறவு என்னைக் குத்தம் சொல்லாத." நியாயத்தைச் சொன்னால் ரெஜினாவுக்கு மேஜைக்கு அடியில் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் வைத்திருந்தாள். நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ், ஒருத்தி லீவு. நாற்பது பேருக்கு ஒவ்வொரு நிமிஷம் நின்று மூச்சு எண்ணினால் மருந்து யார் கொடுப்பது, ட்ரிப்ஸ் யார் மாற்றுவது. அதெல்லாம் பேச்சித்தாய்க்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கால்களைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை. வீங்கட்டும்.

ரெக்கார்டு நோட்டில் இருபத்தைந்து வரி. இருபத்தைந்து நோயாளிக்குக் காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷர் பார்த்து எழுதி, வரிக்கு வரி வார்டு பொறுப்பு நர்ஸின் கையெழுத்து வாங்க வேண்டும். இருபத்துநாலு வாங்கியாயிற்று. வாங்கினாள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை முறை அந்த மேஜைக்கு முன்னால் கை கட்டி நின்றாள், எத்தனை முறை டீ வாங்கி வரச் சொன்னாள் ரெஜினா, எத்தனை பெட்பான் கழுவிய பிறகு ஒரு கையெழுத்து கிடைத்தது என்பது அந்த நோட்டில் இல்லை. இன்றைக்குக் கடைசி நாள். நாளைக் காலை ஒன்பது மணிக்குச் செய்முறைத் தேர்வு, இருபத்தைந்தும் முழுசாக இல்லாதவர்களை உள்ளே விடமாட்டோம், அடுத்த வருஷம் வாருங்கள் என்று கல்லூரி பலகையில் எழுதிப் போட்டாயிற்று. உடன் படிக்கிற ஜாஸ்மின் மூன்று நாளுக்கு முன்னாலேயே முடித்துவிட்டாள். "யக்கா, இருவதுன்னு போட்டுட்டுப் போங்கக்கா, யாரு வந்து எண்ணப் போறா" என்று அவள் சொன்னபோது பேச்சித்தாய்க்குக் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அறைந்திருந்தால், எதற்கென்று கேட்டால் என்ன சொல்லியிருப்பாள். அந்தப் பெண் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, யாரும் வந்து எண்ணப் போவதில்லைதான். வீட்டில் மதினி, அவள் புருஷனின் அக்கா, பேச்சித்தாய் மடியில் வைத்துப் பீடி சுற்றிய மூங்கில் தட்டைத் தினமும் துடைத்துத் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைக்கிறாள். பரணில் போடு என்றால் போடமாட்டாள். "இருந்துட்டுப் போகுது. அரை நர்சு எப்பம் திரும்பி வந்து உக்காருவாளோ, தூசி அடஞ்சிரக் கூடாதுல்லா" என்பாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில். செயல்முறைச் செவிலியர் என்று கல்லூரிப் பலகையில் இருக்கிற பேர் அவள் வாயில் நுழைந்ததில்லை, அரை நர்சு நன்றாக நுழைந்துவிட்டது. அந்தத் தட்டு மட்டும் பேச்சித்தாய் போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

இருபது என்று எழுதினால் தட்டுக்குத் திரும்ப வேண்டாம். எழுத வேண்டியதுதானே. வேறு யாருக்காவது என்றால் மனசு கேட்காது, இந்த ஆளுக்கு என்ன. இன்றைக்குத்தான் ஏழாம் கட்டில் அவள் முறைக்கு வந்தது, காலையில் சார்ட்டில் பெயரைப் பார்த்ததும் இன்னொரு தடவை படித்தாள். ஐயம்பெருமாள், அறுபத்துநாலு, ஆண். இந்தப் பக்கத்தில் எத்தனையோ ஐயம்பெருமாள் இருப்பார்கள், வேறு யாராகவோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரையை விலக்கினாள். வேறு யாரும் இல்லை. தலை நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது, அந்த வலதுகைக் கட்டைவிரல் மட்டும் அப்படியே இருந்தது, அகலமாக, நகம் தட்டையாக. அந்த விரலை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள். பீடிக்கடையில் சரக்குப் பார்க்கிறவர் அவர். பெண்கள் வீட்டில் சுற்றிக் கட்டிக் கொண்டுவருகிற பீடிக்கட்டை உள்ளங்கையில் உருட்டி, காதருகே குலுக்கி, அந்தக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். மனசுக்குப் பிடித்தால் தட்டில் விழும், பிடிக்காவிட்டால் இரண்டாக ஒடிந்து காலடிக் கூடையில் விழும். ஏன் என்று கேட்கக்கூடாது. கேட்டால் அடுத்த கட்டும் ஒடியும். ஒரு நாள் முழுக்கக் குனிந்து சுற்றியது அவர் விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் நொறுங்குகிற சத்தம் அவளுக்கு இப்போதும் காதில் கேட்கும், முறுக்கு உடைகிற சத்தம். இப்போது அந்தக் கை அவள் கைக்குள் கிடந்தது, சூடாக, லேசாக ஈரமாக. அவர் அவளை அடையாளம் காணவில்லை. அவள் முகத்தில் பாதிக்கு மாஸ்க். மாஸ்க் இல்லாவிட்டாலும் கண்டிருக்கமாட்டார், வரிசையில் நின்ற பெண்களின் முகத்தை அவர் பார்த்ததில்லை, கட்டுகளைத்தான் பார்த்தார்.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயசு. ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி, சின்னப் பிள்ளையிலிருந்து கட்டிக் கட்டி, எண்ணாமலே கைக்குத் தெரியும், ஒன்று குறைந்தால் கட்டு கையில் லேசாக அசையும். அன்றைக்கு ஐயம்பெருமாள் அவள் கட்டை அவிழ்த்துப் பலகையில் பரப்பினார். இருபத்துநாலு என்றார். இருபத்தஞ்சு இருக்கு என்றாள். வரிசையில் ஒரு சலசலப்பு. வாய் திறந்ததுதான் தப்பு, அது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது. "அப்படியா. எண்ணு" என்றார். எண்ணினாள். இருபத்தைந்து. "சத்தமா எண்ணு, எல்லாரும் கேக்கட்டும்." சத்தமாக எண்ணினாள். இருபத்தைந்து. "மறுபடி எண்ணு." மூன்றாவது தடவை எண்ணும்போது தொண்டை அடைத்து, பதினெட்டுக்கு மேல் குரல் வரவில்லை, யாரோ பின்னால் சிரித்தார்கள், சிரித்ததில் மதினியும் உண்டு, அன்றைக்கு அவள் மதினி ஆகவில்லை, அடுத்த தெருக்காரி. மிச்சத்தைக் குரலில்லாமல் விரலால் எண்ணி முடித்தாள், மூன்றாவது தடவையும் இருபத்தைந்து. அவர் அத்தனையையும் ஒரு கையால் வாரிக் கூடையில் போட்டார். "இருவத்திநாலு. நான் சொன்னா இருவத்திநாலு. அடுத்த ஆளு வா." பதினேழு வருஷமாகிறது. குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, மாவு கரைக்கும்போது, திடீர் திடீரென்று அந்தப் பலகை கண்முன் வந்து நிற்கும், அவள் மறுபடி எண்ணுவாள். ஒவ்வொரு தடவையும் இருபத்தைந்துதான் வரும்.

"ஏ பிள்ள, எம்புட்டு நேரம்... பிடிச்சிட்டு நிப்ப" என்றார் ஐயம்பெருமாள், கண்ணைத் திறக்காமலே. "நாடி பாத்தாச்சுல்லா. கைய விடு." "இன்னும் கொஞ்சம்." "நீ படிக்கிற பிள்ளதானே. எங்கிட்ட... வந்து... படிக்காத. சிஸ்டரைக் கூப்பிடு." ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். காலையில் இட்லி சரியில்லை என்று திட்டும்போது நிற்காமல் திட்டினார், அவள் கேட்டாள். மருமகன் சாப்பிடப் போயிருந்தான், கட்டிலோரத்தில் அவன் வாங்கிவைத்த ஆரஞ்சுப் பழம் பையோடு அப்படியே இருந்தது. "நெஞ்சு கிஞ்சு வலிக்கா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தன் குரலில் அக்கறை எதுவும் இல்லை என்பது அவளுக்கே உறைத்தது, வாசலில் வந்த ஆளை யார் வேணும் என்று கேட்கிற குரல். "உங்கிட்ட சொன்னா நீ என்ன... டாக்டரா? வாய்வு. சோடா குடிச்சா சரியாப் போவும்." போர்வை ஏறி இறங்கியது. அப்போதுதான் அதைப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் கழுத்தெலும்புக்கு மேலே ஒரு குழி விழுந்து எழுந்தது. தோள் இரண்டும் கொஞ்சம் மேலே வந்து போயின. மூக்கு விடைத்தது. இதை அமலா மிஸ் சொல்லித்தரவில்லை, அல்லது சொல்லித்தருவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குக் கடைசியில் அப்படித்தான் இருந்தது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, பீடித்தூள் மூக்கில் ஏற ஏற, தோள் காதுக்கு ஏறி இறங்க, ஒண்ணுமில்லட்டி சளி என்றாள், மூன்று நாள் ஒண்ணுமில்லட்டி என்றாள். அம்மாவின் மூச்சை யாரும் எண்ணவில்லை. எதிரே உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்த மகள் அன்றைக்கு நாற்பது கட்டு எண்ணினாள், அதை எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்து மனசு வழக்கமான பள்ளத்தில் போய் விழப் பார்த்தது, அவள் அதை இழுத்துப் பிடித்தாள், இப்போது வேண்டாம், இந்த ஆள் பக்கத்தில் வைத்து அம்மாவை நினைப்பதே அம்மாவுக்குக் கேவலம்.

கடிகாரத்தில் மூன்று மணி அடிக்க ஐந்து நிமிஷம். இருபது என்று எழுதிவிடு. பேனா கோட்டுப் பையில்தான் இருக்கிறது. இரண்டு இலக்கம். அதற்குப் பிறகு ரெஜினா ஒரு கிறுக்கு கிறுக்குவாள், இருபத்தைந்தாவது முடிந்தது, ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கலாம், நாளைக் காலையில் துவைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போகலாம், மதினி முகத்தில் அடித்த மாதிரி ஒரு சான்றிதழை மாட்டலாம், அந்தத் தட்டை உடைத்து அடுப்பில் வைக்கலாம். அதற்குள் இந்த ஆளுக்கு ஏதாவது ஆனால் ஆகட்டும். ஆகவேண்டும். ஊர்ப் பெண்களின் உழைப்பை இரண்டாக ஒடித்துப் போட்ட விரல் நீலம் பாரிக்கட்டும். வாய்வுதானே, சோடா குடிக்கட்டும். அவள் இதையெல்லாம் தெளிவாக நினைத்தாள், யாரோ தன்னை அறியாமல் கெட்டதை நினைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிற மாதிரி இல்லை, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக நினைத்தாள், நன்றாக இருந்தது. பதினேழு வருஷத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. உன் உயிர் என் கையில் இருக்கிறது, உனக்கு அது தெரியாது, நீ கையை விடு என்கிறாய், விட்டால் போயிற்று. நினைத்துக்கொண்டே எண்ணியும் கொண்டிருந்தாள். அந்தப் பாழாய்ப்போன உடம்பு அவளைக் கேட்காமலே எண்ணியது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. முள் பன்னிரண்டில் வந்து நிற்க, முப்பத்திரண்டு. மறுபடியும்.

பேனாவை எடுத்து மூடியைப் பல்லால் இழுத்தாள். நோட்டில் இருபத்தைந்தாவது வரி, மூச்சு என்று போட்ட கட்டம். இரண்டு என்று போட வேண்டும், பக்கத்தில் சைபர். இரண்டின் தலையை வளைக்கத் தொடங்கிய கை நின்றுவிட்டது. இரக்கமில்லை அது. இரக்கம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம்தான் வரும். அவள் எண்ணியது முப்பத்திரண்டு. சத்தமில்லாமல், முழுசாக, ஒரு தடவை இல்லை, முப்பதோடு சேர்த்து மூன்று தடவை எண்ணியாயிற்று. அதை இருபது என்று எழுதச் சொன்னவள் அதோ மேஜையில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், நான் சொன்னா இருபது என்று. கூடை மட்டும்தான் காலடியில் இல்லை. பேச்சித்தாய் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், எரிச்சலில் அவளுக்குக் கண் கலங்கியது. என்ன அநியாயம் இது. உன்னை மாதிரி ஒருத்தியிடமிருந்து என் எண்ணிக்கையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் உன்னையும் அல்லவா சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, நாசமாய்ப் போறவனே. வளைந்த இரண்டின் தலையை மூன்றாகத் திருத்தினாள். பக்கத்தில் இரண்டு. சார்ட்டிலும் ஆறு இருபதுகளுக்குக் கீழே, அழுத்தி, முப்பத்திரண்டு. நேரம், இரண்டு ஐம்பத்தேழு.

போன் வார்டு வாசலுக்கு வெளியே சுவரில் இருந்தது, அதை ட்ரெய்னிங் பிள்ளைகள் தொடக்கூடாது. தொட்டாள். மேல் மாடி டூட்டி டாக்டர் அறைக்கு இரண்டு நம்பர் அழுத்த வேண்டும், ரெஜினா அழுத்துவதைப் பார்த்துப் பார்த்துத் தெரியும். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, வைத்துவிடலாமா என்று கை தளர்ந்த நேரத்தில் எடுத்தார்கள். "யாரு, எந்த சிஸ்டர்?" இளம் குரல், வாயில் சோறு. "சிஸ்டர் இல்ல சார். காலேஜு." "என்னது?" "கீழ வார்டு. ஏழாம் நம்பர் கட்டிலு, ஆபரேசன் பண்ணி மூணாம் நாளு. நாடி நூத்தி நாலு, மூச்சு முப்பத்திரண்டு. தோளு ஏறுது சார். பேசும்போது நிறுத்தி நிறுத்திப் பேசுதாரு." "முப்பத்திரண்டா? யாரு எண்ணுனது? சரியா எண்ணுனியா?" "மூணு தடவை எண்ணிட்டேன்." சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. அன்றைக்குப் பதினெட்டில் நின்ற குரல் இப்போது அடைக்கவில்லை. "அது முப்பத்திரண்டுதான் சார்." பின்னால் நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. ரெஜினா எழுந்துவிட்டாள்.

டாக்டர் படியில் இறங்கி வந்த வேகத்தில் அவர் கழுத்து ஸ்டெதாஸ்கோப் ஒரு தோளிலிருந்து தொங்கியது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற மெஷின் கீழ் வார்டில் கிடையாது, மேலே இருந்ததைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மாட்டினார். எண்பத்தேழு என்று காட்டியது, தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. நெஞ்சில் வைத்துக் கேட்டார், ஐயம்பெருமாளின் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார், அவர் வலியில் முனகினார். "கால்ல இருந்து நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போயிருக்கும் போல. ஆக்சிஜன் கொண்டாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும், ஆம்புலன்ஸ் வரணும்." பிறகு சார்ட்டை எடுத்தார். விரலை மேலிருந்து கீழே கொண்டுவந்தார், இருபது, இருபது, இருபது, கடைசி வரியில் நிறுத்தினார். "இது எப்ப இருந்து சிஸ்டர்?" ரெஜினா ஆக்சிஜன் வைத்த மூலைக்குத் திரும்பினாள். முகம் கறுத்துவிட்டது. சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து, குழாயைப் பொருத்தி, ஐயம்பெருமாளின் மூக்கிலும் வாயிலும் பச்சை மாஸ்க்கை வைத்து எலாஸ்டிக்கைக் காதுக்குப் பின்னால் மாட்டினாள், வேலை என்று வந்தால் அவள் கை தடுமாறவே இல்லை, அதையும் பேச்சித்தாய் பார்த்தாள். "எண்ணுனது யாரு, நீயா?" என்றார் டாக்டர். "ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் நீயே நில்லு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணி எழுது. கூடுச்சுன்னா கூப்பிடு." வார்டு போனில் வெளியே பேச முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேச மேலே ஓடினார்.

ரெஜினா ரெக்கார்டு நோட்டைப் பேச்சித்தாயின் கக்கத்திலிருந்து உருவினாள். கட்டிலின் காலடியில் வைத்து, இருபத்தைந்தாவது வரியைக் கண்டுபிடித்து, பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். குறுக்கே ஒரு கோடு இழுத்தாள், ஸ்கேல் வைத்தது போல நேராக. சத்தம் போடவில்லை. "என்னயத் தாண்டி மேல போன் பண்ணுனல்லா. கையெழுத்தையும் மேலயே வாங்கிக்க." மேலே இருக்கிறவர் போட முடியாது, வார்டு பொறுப்பு நர்ஸ்தான் போடவேண்டும், இரண்டு பேருக்கும் அது தெரியும். "சிஸ்டர்" என்றாள் பேச்சித்தாய். "நாளைக்குப் பரிச்ச எழுதணும்னு ஆசைப்படுதவ போனத் தொடமாட்டா" என்றுவிட்டு ரெஜினா மேஜைக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். இருபத்துநாலு. அவ்வளவுதான், முடிந்தது, அடுத்த வருஷம் வாருங்கள். சுவரோரம் சாய்த்து வைத்த தட்டு கண்முன் வந்தது, துடைத்துத் தூசியில்லாமல். இன்றைக்கு மாலை வீட்டுக்குள் நுழையும்போது மதினி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், ஒன்றும் கேட்கமாட்டாள், தட்டை எடுத்து நடுவீட்டில் வைப்பாள். பேச்சித்தாய் நோட்டை மூடி மறுபடி கக்கத்தில் இடுக்கினாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. மணிக்கட்டைப் பிடித்தாள். இந்தத் தடவை அந்தக் கை அவள் கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டது, அந்த அகலமான கட்டைவிரல் அவள் விரல்களின் மேல் வந்து அழுத்தியது, பீடிக்கட்டை அழுத்துகிற அதே இடத்தில் அதே அழுத்து. உதறிவிடத் தோன்றியது. ஐயம்பெருமாள் கண்ணைத் திறந்திருந்தார். பயந்துபோன கண். பச்சை மாஸ்க்குக்கு மேலிருந்து அவளுடைய மாஸ்க்குக்கு மேலே தெரிந்த நெற்றியையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார், முதல் தடவையாக ஒரு முகத்தைப் பார்த்தார். "விட்ராத" என்றார். மூச்சு வாங்கினார். "உன்னைய எங்கயோ... யாரு மக நீ?" பதினேழு வருஷமாகத் தயாராக இருந்த பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கீழத்தெரு பேச்சி. இருபத்தஞ்சு இருந்துச்சுவே, நீ இருவத்திநாலுன்ன, எண்ணிப் பாருடா இப்பம். மாஸ்க்கை ஒரு விரலால் கீழே இழுத்தால் போதும். அந்தக் கண் விரிவதைப் பார்க்கலாம், அந்த முகம் அவளை அடையாளம் கண்டு சுருங்குவதைப் பார்க்கலாம், கேட்க வேண்டியதைக் கேட்கலாம், இன்றைக்குப் போனால் இந்த ஆள் திரும்பி வருவாரோ மாட்டாரோ, இனி அவளுக்கு இழப்பதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. கை மாஸ்க் வரைக்கும் போயிற்று. சொன்னால் மூச்சு எகிறும். நாற்பதோ நாற்பத்தைந்தோ, என்ன வருகிறதோ அது அவர் மூச்சாக இருக்காது, அவள் சொன்னதற்காக விட்ட மூச்சாகிவிடும், எண்ணிக்கை கெட்டுப்போகும். நொடி முள் ஒன்பதைத் தாண்டிப் பன்னிரண்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"நாடி பாக்கேன். பேசாம படுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைப் போர்வைக்குக் கொண்டுபோனாள்.